முப்பது நாள் பெட்டி

கப்பலுக்குச் சிமெந்து பூசுகிற வேலை என்று கோகிலன் சொன்னால், ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் முதலில் யாரும் நம்புவதில்லை. வீட்டுக்குப் பூசலாம், சாக்கடைக்குப் பூசலாம். இரும்புக் கப்பலுக்கு எதற்குச் சிமெந்து? லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும்போது யாராவது கேட்டால் அவர் சுருக்கமாகச் சொல்வார்: "ஓட்டை விழுந்தா அடைக்கிறது. பழுது பாக்குற டாக்குக்குப் போய்ச் சேர்ற வரைக்கும்தான்." கேட்டவர் தலையாட்டிவிட்டு லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று பார்க்கத் தொடங்குவார்.

இருபத்தாறு வருடமாக இதே வேலை. காலையில் பஸ் ஏறித் தீவின் படகுத்துறைக்கு வந்து, ஃபெர்ரியில் எதிர்க்கரைப் பட்டர்வொர்த்துக்குக் கடந்து, அங்கே நிறுத்தி வைத்திருக்கும் மோட்டார் சைக்கிளில் பிறை ஆற்றங்கரைப் பட்டறைக்குப் போவார். பட்டறை ஜெயராஜுடையது. அங்கே வெல்டிங் பழக வந்தவர்தான் கோகிலன். கண் ஒத்துழைக்கவில்லை. ஒருநாள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த ஒரு மீன்பிடிப் படகுக்கு ஆள் போதவில்லை என்று அவரையும் இழுத்துப் போனார்கள். அன்றிலிருந்து உள்ளே தண்ணீர் வரும் கப்பல் என்றால் ஜெயராஜ் அவரைத்தான் அனுப்புவார். இப்போது அவருக்கு ஐம்பத்து நான்கு வயது.

வேலை இதுதான். தகடு கிழிந்த இடத்தைச் சுற்றி, கப்பலின் உள்பக்கமாகப் பலகையால் ஒரு பெட்டி கட்ட வேண்டும். பலகைக்கும் தகட்டுக்கும் நடுவில் துணி திணித்து, ஆப்பு வைத்து இறுக்க வேண்டும். கிழிசலிலிருந்து ஒரு குழாயைப் பெட்டிக்கு வெளியே கொண்டுவந்து, வருகிற தண்ணீரை அதன் வழியாக ஓடவிட வேண்டும். பிறகு சிமெந்தும் மணலும் சலவைச் சோடாவும் கலந்து பெட்டியை நிரப்ப வேண்டும். சிமெந்து இறுகும்வரை குழாயை அடைக்கக் கூடாது. புதிதாக வருகிறவர்கள் பதற்றத்தில் குழாயைத்தான் முதலில் அடைப்பார்கள். தண்ணீர் ஈரச் சிமெந்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். கப்பலைக் காப்பாற்ற வந்தவன், அதற்குள் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு சில மணி நேரம் சும்மா உட்காரத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். கோகிலனுக்கு அது தெரிந்திருந்தது. அவரைப் பாராட்டிச் சொல்ல இது ஒன்றுதான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் குறைவில்லை. நம்மில் பலருக்கு இதுவும் இல்லை.

துணி விஷயத்தில் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அவர் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பார். அன்று கட்டிய மஞ்சள் வேட்டியையும், மனைவி தனலெட்சுமி கட்டிய மஞ்சள் சேலையையும் பிறகு சாதாரணமாக உடுத்த முடியாது. தரை துடைக்க மனம் வராது. குப்பையில் போடவும் மனம் வராது. தனலெட்சுமி அவற்றைத் துவைத்து மடித்து ஓர் அரிசிப் பையில் சேர்த்து வைத்திருந்தாள். நல்ல பருத்தி. நனைந்தால் உப்பி இடுக்கை இறுக்கிக்கொள்ளும். ஒருநாள் கோகிலன் பையோடு தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். மாலையில் அவள் பிடித்துக்கொண்டாள்.

"சாமித் துணியக் கொண்டுபோயி கப்பல் ஓட்டையில அடைச்சீங்களா? அங்க எண்ணெயும் அழுக்குமா கெடக்கும்!"

"குப்பையில போட மாட்டே. வேற என்னா செய்வே? கடல்லதான விடணும். இதுவும் கடல்லதானே போவுது."

அவள் கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தாள். பிறகு ஒரு நிபந்தனை சொன்னாள். கை கழுவாமல் அந்தத் துணியைத் தொடக் கூடாது. காலில் மிதிபடக் கூடாது. அவர் அதை ஒருமுறைகூட மீறியதில்லை.

இன்னொரு வழக்கம் அவர் தாமாகவே ஏற்படுத்திக்கொண்டது. ஒருமுறை ஓர் இழுவைக் கப்பலின் அடித்தளத்தில் வேறு வேலைக்குப் போனபோது, சிவப்புச் சாயம் அடித்த ஒரு சிமெந்துப் பெட்டியைக் கண்டார். எவனோ நன்றாகத்தான் கட்டியிருக்கிறான் என்று நினைத்தார். ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தபோது மஞ்சள் துணி தெரிந்தது. ஏழு மாதத்துக்கு முன், ஒரு வாரம் தாங்கினால் போதும் என்று அவரே கட்டியது. சாயம் அடித்ததும் அது கப்பலின் உறுப்பாகிவிட்டது. அது காயத்தின் மேல் கட்டிய கட்டு என்பது எல்லாருக்கும் மறந்துவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு பெட்டியிலும், சிமெந்து ஈரமாக இருக்கும்போதே ஓர் ஆணியால் அன்றைய தேதியைக் கீறி, கீழே ஓர் எண்ணையும் எழுதினார். அத்தனை நாள்தான் தாங்கும் என்பது அதன் பொருளல்ல. அத்தனை நாள்தான் அதைத் தாங்கச் சொல்லிக் கேட்கலாம் என்பது பொருள்.

அந்த ஆணி எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும்.

சென்ற ஆண்டு தைப்பூசம் முடிந்து ஒன்பதாம் நாள் காலை எட்டு மணிக்கு ஜெயராஜ் ஃபோன் செய்தார். ஜார்ஜ்டவுனுக்கு எதிரே நங்கூரம் போட்டிருந்த 'பிந்தாங் செலாசே' என்ற சிறிய சரக்குக் கப்பலில் தண்ணீர் ஏறுகிறது. மிதந்து வந்த மரக்கட்டை மோதியதாம். கோகிலன் சாமான்களோடு படகில் போய் ஏறினார். நல்ல தகடு மரக்கட்டைக்குக் கிழியாது என்று ஏறும்போதே நினைத்தார். ஆனால் அவரைக் கூப்பிட்டது ஓட்டையை அடைக்க. கப்பலின் வயதைக் கேட்க அல்ல.

எஞ்சின் அறையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். இடப்பக்கத் தகட்டில் ஒரு சாண் நீளத்துக்குப் பிளவு; வெளியே இருந்த கடல் அதன் வழியாக விசிறி போல அடித்துக்கொண்டிருந்தது. கப்பலின் இரண்டாம் எஞ்சினியர், பட்டர்வொர்த்காரர், சதாம் என்று பெயர், முப்பத்தெட்டு வயது இருக்கும். பம்ப்பை ஓடவிட்டுவிட்டு ஒரு மெத்தையை முதுகால் அந்தப் பிளவின்மேல் அழுத்திக்கொண்டு நின்றிருந்தார்.

"வாங்கண்ணே. ஒரு மணி நேரமா கடலுக்கு முதுகு சொறிஞ்சு விட்டுக்கிட்டு இருக்கேன்."

"நகராதீங்க தம்பி. பலகைய அளக்குற வரைக்கும் அப்படியே நில்லுங்க."

"நான் எங்க போறது? எனக்கு நீச்சல்கூட ஒழுங்கா வராது லா."

இரண்டு பேருமாகப் பலகையை அறுத்துப் பெட்டியைப் பொருத்தினார்கள். துணி திணிக்கும் நேரம் வந்தபோது கோகிலன் குடிதண்ணீர் போத்தலை எடுத்து நிதானமாகக் கை கழுவினார். சதாம் வாயைப் பிளந்து பார்த்தார்.

"அண்ணே, கப்பல் முழுகுது. நீங்க தொழப் போற மாதிரி ஒளு எடுக்குறீங்களா?"

"சாமித் துணி தம்பி. தைப்பூசத்துக்குக் கட்டுனது. வீட்டுக்காரம்மா உத்தரவு."

சதாம் சிரித்துக்கொண்டே தன் கையையும் நீட்டினார். "அப்ப எனக்கும் ஊத்துங்க. பிடிச்சுக்குறது நான்தானே."

மஞ்சள் வேட்டி கிழிந்து கிழிந்து பலகையின் நான்கு ஓரத்திலும் போனது. சதாம் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கொடுத்தார். பத்தரைக்குச் சிமெந்து போட்டு முடித்தார்கள். குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டியது. பம்ப் அதை வெளியே இறைத்தது. இனிக் காத்திருப்பதுதான் வேலை. இருவரும் ஏணிப்படியில் உட்கார்ந்து, சதாமின் மனைவி ஷாஹிரா கட்டிக் கொடுத்திருந்த இடியாப்பத்தைப் பங்கிட்டுத் தின்றார்கள்.

கோகிலன் சட்டைப் பையிலிருந்து ஆணியை எடுத்தபோது ஏணியில் யாரோ இறங்கும் சத்தம் கேட்டது. ஜெயராஜ். கப்பல் கம்பெனி ஆளோடு அடுத்த படகில் வந்திருந்தார்.

"கோகி, எழுதாத."

"ஏண்ணே?"

"கம்பெனிக்காரன் கேட்டுக்கிட்டான். சிமெந்துல எழுதி வச்சா கப்பல சோதிக்கிற சர்வேயர் வந்து அதத்தான் மொதல்ல படிப்பான். அடுத்த வாரம் டாக்குக்குப் போவுது, எடம்கூடப் பிடிச்சாச்சு. ஒரு வாரத்துக்கு எதுக்குத் தேதி?"

"எப்பவும் எழுதுறதுதானே..."

"தெரியும் லா. ஒரு தடவ விடு. அவன் நமக்கு வருசம் முழுக்க வேல குடுக்குறவன். பட்டறையில பதினோரு பேரு இருக்கோம்."

ஜெயராஜ் மேலே போனார். கோகிலன் ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சிமெந்து இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

சதாம் இடியாப்பத் தூக்கை மூடியபடி கேட்டார்: "என்னண்ணே, என்னா எழுதுவீங்க?"

கோகிலன் சொன்னார்.

"இதுக்கு எத்தன நாளு போடுவீங்க?"

"முப்பது."

"போடுங்கண்ணே." சதாமின் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "அவங்கள்லாம் மேல இருக்குறவங்க. நான் கீழ இருக்குறவன்."

"அடுத்த வாரம் டாக்காம் தம்பி."

சதாம் பம்ப்பைப் பார்க்கத் திரும்பினார். கோகிலன் ஆணியைப் பைக்குள் போட்டுவிட்டு, கரண்டியை எடுத்துச் சிமெந்தின் முகத்தை வழவழவென்று தேய்த்தார். தேவைக்கு அதிகமாகவே தேய்த்தார். பிற்பகலில் சிமெந்து இறுகியதும் குழாயின் வாயில் மரமுளை வைத்து அடித்தார். தண்ணீர் நின்றது. ஒரு சொட்டுக்கூட இல்லை. கம்பெனி ஆள் இறங்கி வந்து தொட்டுப் பார்த்து, 'பாகுஸ்' என்று மலாயில் பாராட்டிவிட்டுப் போனான்.

அடுத்த வாரம் டாக் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. கோகிலன் ஒன்றிரண்டு முறை ஃபெர்ரியிலிருந்து பிந்தாங் செலாசே கடந்து போவதைப் பார்த்தார். டாக்குக்குப் போய் வந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டார். உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரு ஃபோன் போதும். அந்த ஃபோனை அவர் செய்யவில்லை. தெரியாமல் இருப்பதற்கும் தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவதற்கு மனிதன் நாள்தோறும் சிறிது பாடுபட வேண்டியிருக்கிறது.

பதினான்கு மாதம் கழித்து, இந்த ஏப்ரலில், கெடா கரைக்கு அப்பால் அந்தக் கப்பல் முழுகியது. மற்ற ஏழு பேரும் மிதவையில் தப்பினார்கள். பம்ப்பை நிறுத்தாமல் கீழேயே இருந்த சதாம் மட்டும் மேலே வரவில்லை.

ஆழம் குறைந்த இடம். மூன்று வாரத்தில் கப்பலைத் தூக்கி, பிறை ஆற்றுச் சேற்றில் இழுத்துப் போட்டார்கள். விசாரணை தொடங்கியது. ஜூன் மாதத்தில் ஒருநாள் ஜெயராஜ் கோகிலனைப் பட்டறைக்குப் பின்னால் கூப்பிட்டார். அவர் முகத்தில் பல நாளாக இல்லாத தெளிவு இருந்தது.

"நம்ம பேரே வரல கோகி. கம்பெனி எழுதிக் குடுத்துட்டான். அந்தப் பெட்டிய ரெண்டாம் எஞ்சினியர் தானாவே கட்டி, மேல யாருக்கும் சொல்லாம, சாயம் அடிச்சு மறச்சு வச்சிருந்தான்னு."

கோகிலனுக்குச் சட்டென்று புரியவில்லை. "யாரு? சதாமா?"

"தப்பிச்சவங்கள்லாம் போன வருசம் இல்லாத ஆளுங்க. தேதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. யாரு கட்டுனான்னு எப்படித் தெரியும்?"

"அண்ணே, அது என் பெட்டி."

"மெதுவாப் பேசு லா. செத்தவன் வந்து மறுத்துச் சொல்லப் போறானா?" ஜெயராஜ் அதைச் சொல்லிவிட்டுத் தானே கொஞ்சம் கூசினார். பிறகு வேறு குரலில் சொன்னார்: "கப்பல வெட்டுற வேல நமக்குத்தான் வந்திருக்கு. வியாழக்கெழம அதிகாரிங்க இன்னொரு தடவ பாக்க வர்றாங்களாம். அதுக்குள்ள நீ போயி பெட்டிய ஒடச்சு எடுத்துடு. வெட்டும்போது விழுந்துடுச்சுன்னு சொல்லிக்கலாம். எங்க தட்டுனா விழும்னு உனக்குத்தான் தெரியும்."

அன்று மாலை கோகிலன் தனலெட்சுமியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"போய்ச் சொன்னா அந்தாளு திரும்பி வந்துடுவாரா?"

"வர மாட்டாரு."

"உங்களப் பிடிச்சு உள்ள வைப்பாங்களா?"

"தெரியல."

"வேல போயிடும்."

"அது போயிடும்."

"அப்ப எதுக்கு?" என்றாள். பிறகு அவளே கேட்டாள்: "அந்தத் துணி அங்கதான் இருக்கா?"

"ஓரத்துல இருக்கும்."

"அத ஒடச்சீங்கன்னா துணி கீழ விழும். அந்தச் சேத்துல எல்லாரும் மிதிப்பாங்க." அவள் எந்தப் பக்கம் நின்று அதைச் சொன்னாள் என்று கோகிலனுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

புதன்கிழமை காலை அவர் சுத்தியும் உளியும் எடுத்துக்கொண்டு கப்பலுக்குப் போனார். ஆற்றில் தண்ணீர் வடிந்திருந்தது. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. எஞ்சின் அறையில் எண்ணெயும் அழுகலும் கலந்த வாடை. ஏணியின் ஓரத்தில் சேறு படிந்த ஒரு சாப்பாட்டுத் தூக்கு. அதைக் கடந்து போய் டார்ச் அடித்தார்.

பெட்டி அப்படியே இருந்தது. பலகையை எப்போதோ கழற்றிவிட்டு மேலே சிவப்புச் சாயம் அடித்திருந்தார்கள். அதற்கு ஒரு கை தள்ளி, தகடு காகிதம் போல அரித்து, ஒரு ஆள் தலை நுழையும் அளவுக்குப் பெயர்ந்திருந்தது. கடல் அந்த வழியாகத்தான் வந்திருக்கிறது. கோகிலன் சுத்தியால் பெட்டியை மெல்லத் தட்டினார். கணீரென்று கெட்டியான சத்தம். எங்கும் வெடிப்பு இல்லை, பொக்கை இல்லை. சுற்றியிருந்த கப்பல் விட்டுப்போயிற்று, பெட்டி விடவில்லை.

அந்தக் கணத்தில் அவருக்கு வந்தது பெருமை.

ஒரே ஒரு கணம்தான். பதினான்கு மாதம், கடலுக்கடியில் மூன்று வாரம், இன்னும் ஒரு கீறல் இல்லை என்று மனம் கணக்குப் போட்டுக் குளிர்ந்தது. அது குளிர்ந்ததை அவர் பார்த்துவிட்டார். பெட்டி கொஞ்சம் மோசமாக இருந்திருந்தால் இரண்டு மாதத்தில் ஒழுகியிருக்கும். ஒழுகியிருந்தால் கப்பலை டாக்குக்கு அனுப்பியிருப்பார்கள். அல்லது நன்றாகவே இருந்து, மேலே ஒரு தேதி மட்டும் இருந்திருந்தால்! நல்ல வேலை செய்வது போதும், மற்றது தன் பொறுப்பல்ல என்றுதான் இருபத்தாறு வருடமும் அவர் நினைத்திருந்தார். நல்ல வேலைக்குள்ளும் ஒருவன் ஒளிந்துகொள்ள முடியும்.

சட்டைப் பையிலிருந்து ஆணியை எடுத்து, சிவப்புச் சாயத்தின்மேல் வைத்து அழுத்தினார். சாயம் மட்டும் உரிந்தது. சிமெந்தில் ஆணி வழுக்கியது. மறுபடி அழுத்தினார், மறுபடி வழுக்கியது. அவர் கலந்த கலவை அது.

சுத்தியையும் உளியையும் ஏணியடியிலேயே வைத்துவிட்டு, அங்கிருந்து நேராக விசாரணை அதிகாரிகளின் அலுவலகத்துக்குப் போனார்.

நோர்மா என்ற பெண் அதிகாரி அவர் சொன்னதை மலாயில் எழுதிக்கொண்டார். கோகிலனின் மலாய் கடைத்தெரு மலாய். அந்த அறையில் அது போதவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. ஆதாரம் இருக்கிறதா என்று நோர்மா கேட்டார். வேலைத் தாள் எதுவும் இல்லை. ஜெயராஜ் ஒப்புக்கொள்ள மாட்டார்.

"இடது பக்கக் கீழ் மூலையை உடைத்துப் பாருங்கள்," என்றார் கோகிலன். "மஞ்சள் துணி இருக்கும். தைப்பூசத்துக்கு நான் கட்டிய வேட்டி. கப்பலில் இருந்தவர்கள் யாரும் அதைக் கொண்டுவந்திருக்க முடியாது."

நோர்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். "இதைச் சொன்னால் குற்றம் உங்கள் மேலும் வரும். தெரியுமா?"

"தெரியும். இன்னொன்றும் எழுதுங்கள். தேதி போடச் சொல்லி சதாம் கேட்டார். நான்தான் போடவில்லை."

வியாழக்கிழமை அதிகாரிகள் வந்து உடைத்தார்கள். இரண்டு ஆட்கள் மாறி மாறி அடித்தும் மூலை பெயர முக்கால் மணி நேரம் ஆனது. துணி வந்தது. எண்ணெயில் கறுத்திருந்தது, மடிப்பின் உள்ளே மட்டும் மஞ்சள் மிச்சமிருந்தது. ஒருவர் அதைக் கீழே போடப் போனார். கோகிலன் அவசரமாகக் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். அப்புறம்தான் தன் கையைக் கழுவவில்லை என்பது அவருக்கு நினைவு வந்தது. நோர்மா ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து நீட்டினார். துணி அதற்குள் போயிற்று.

ஜெயராஜ் தூரத்தில் நின்றார். கோகிலன் கடந்து போகும்போது, பார்க்காமலே சொன்னார்: "இனிமே பட்டறைப் பக்கம் வராத. உன் மேல கோவம் இல்ல. ஆனா வராத."

ஆகஸ்டில் அறிக்கை வந்தது. பெட்டியைக் கட்டியது கரைப் பட்டறை என்றும், இரண்டாம் எஞ்சினியர் அதை மறைத்ததாகச் சொல்ல ஆதாரம் இல்லை என்றும் அதில் இருந்தது. கப்பல் கம்பெனியைப் பற்றிச் சில வரிகள். தேதியும் கால வரம்பும் குறிக்காமல் விட்ட தொழிலாளி என்று கோகிலனின் முழுப்பெயர் ஒரு வரியில். அந்த வரி நியாயமானது என்றே அவருக்குப் பட்டது. மற்ற வரிகள் நீளம் போதவில்லை என்று பட்டது.

அறிக்கை வந்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர் ஃபெர்ரியில் கடந்து சதாமின் வீட்டுக்குப் போனார். போக வேண்டாம் என்று தனலெட்சுமி சொல்லவில்லை. கூட வருகிறேன் என்றும் சொல்லவில்லை. பட்டர்வொர்த்தில் நான்காம் மாடி. ஷாஹிரா கதவைத் திறந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயதுப் பெண். அவர் பெயரைச் சொன்னதும் உள்ளே வரச் சொல்லி, நாற்காலியைக் காட்டினாள். தான் உட்காரவில்லை.

"லாப்போர் படிச்சேன்," என்று அறிக்கையைச் சொன்னாள். "நீங்கதான் போய்ச் சொன்னீங்க."

"ஆமாம்மா."

"ரெண்டு மாசமா சொந்தக்காரங்களே என்னைய ஒரு மாதிரிப் பாத்தாங்க. ஓட்டைய மறச்சு வச்ச ஆளோட பொண்டாட்டின்னு. இப்பப் பாக்க மாட்டாங்க."

கோகிலன் தலை குனிந்திருந்தார். நன்றி சொல்லிவிடப் போகிறாளோ என்று அவருக்குப் பயமாக இருந்தது. அவள் சொல்லவில்லை.

"அதுல ஒரு வரி இருக்கு. தேதி போடச் சொல்லி அவரு கேட்டாருன்னு. நெசமா?"

"நெசம்."

"எப்படிக் கேட்டாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"போடுங்கண்ணே, அவங்கள்லாம் மேல இருக்குறவங்க, நான் கீழ இருக்குறவன்னாரு."

ஷாஹிரா கண்ணை மூடித் திறந்தாள். "அது அவரு பேச்சுதான்." பிறகு, "நீங்க என்னா சொன்னீங்க?"

"அடுத்த வாரம் டாக்னு சொன்னேன்."

"போட்டிருந்தீங்கன்னா?"

அந்தக் கேள்விக்கு அவர் பல நாளாக விடை தேடியிருந்தார். கம்பெனி அதன்மேலும் சாயம் அடித்திருக்கலாம். சர்வேயர் கவனிக்காமல் போயிருக்கலாம். எல்லாம் சொல்லலாம், எல்லாம் உண்மையாகவும் இருக்கலாம்.

"தெரியலம்மா. ஆனா அவரு தெனம் அதப் பாத்திருப்பாரு."

அவள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் இருந்தன. வெறும் பக்கம் ஒன்றைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள்.

"லாப்போர்ல மாசம்தான் இருக்கு, நாளு இல்ல. என்னைக்குன்னு எழுதுங்க. அன்னைக்குச் சிமெந்துல எப்படி எழுதியிருப்பீங்களோ அப்படியே."

பேனா பிடித்த கை முதலில் அழுத்தம் தவறித் தாளைக் கிழித்தது. அவருக்கு ஆணி பிடித்துத்தான் பழக்கம். அடுத்த வரியில் எழுதினார். இருபது, இரண்டு, சென்ற ஆண்டின் எண். அதன் கீழே, சற்று இடம் விட்டு, முப்பது.

"இது என்னா?"

"அத்தன நாளுதான்மா. அதுக்கு மேல அதத் தாங்கச் சொல்லக் கூடாது."

ஷாஹிரா நின்றபடியே மனத்துக்குள் எண்ணினாள். அவள் உதடுகள் மாதங்களின் பெயரைச் சொல்வது தெரிந்தது. முப்பது நாள் முடிகிற மார்ச்சில் ஒருமுறை நின்று, பிறகு தொடர்ந்து, இந்த ஆண்டு ஏப்ரல்வரை போயிற்று. அந்தப் பக்கத்தைக் கவனமாகக் கிழித்தாள். மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"கதவச் சாத்திட்டுப் போங்க," என்றாள்.

அவர் சாத்திவிட்டுப் போனார்.